என்ன கிளாஸ்

இந்த ஊரில் அந்தக் கேள்விக்கு
ஒரே ஒரு அர்த்தம்தான் இருந்தது.
கொக்குவிலில், பின்னேரம் நாலரைக்கு,
சைக்கிள் கூடையில் ஃபைலோடு போகும் எவளையும் மறித்து
"என்ன கிளாஸ்?" என்றால்
"கெமிஸ்ற்றி" என்பாள்,
அல்லது வாத்தியாரின் பெயரை மட்டும் சொல்லிவிட்டு மிதிப்பாள்.

இப்போது இரவு பத்தரை.
ஸ்காபரோவிலிருந்து நிரூஜன் கேட்கிறான்:
"என்னடி, என்ன கிளாஸ் எடுக்கப் போறாய்? கெதியாச் சொல்லு."
அவனுக்கு அங்கே மத்தியானம்.
பின்னால் பாத்திரம் கழுவும் மெசின் உறுமுவது
என் ஹெட்செட்டில் கேட்கிறது.

திரையில் ஏழு பேர் வரிசையில் நிற்கிறார்கள்.
மூச்சு மட்டும் விடுகிறார்கள்.
வாள்காரனின் தோள் எங்கள் படலையளவு.
மந்திரக்காரியின் உள்ளங்கையில் நீல நெருப்பு,
தொட்டால்தான் சிரிக்கிறாள்.
வில்லாளி. துறவி.
கரடியாக மாறத் தெரிந்த ஒருத்தி.
வெள்ளை அங்கியில் குணப்படுத்துபவள்.
கடைசியில், பாதி இருட்டுக்குள், கள்ளி.

"நீ ஹீலர்தானே" என்கிறாள் லண்டனிலிருந்து ஷர்மியா,
கேள்விக்குறி இல்லாமல்.
"நீ பயோ படிச்சனியெல்லோ."

ஓம், படிச்சனான். மூன்று தரம்.
பதினாறு வயதில் ஒரு படிவம் தந்தார்கள்,
நாலு கட்டம், ஒன்றில் மட்டும் சரி போடவேண்டும்.
பேனையைப் பிடித்தது நான்.
என் கையைப் பிடித்தது முழு ஒழுங்கையும்.
மூன்றாம் தரம் இசட் புள்ளியில்
தசமத்துக்குப் பிறகு வரும் இரண்டாவது இலக்கத்தில் தவறினேன்.
இப்போது ஆஸ்பத்திரி வீதியில் ஒரு லாப்பில்
காலை ஆறரைக்கு இரத்தம் எடுக்கிறேன்.
"கையைப் பொத்துங்கோ" என்கிறேன் வெறும் வயிறுகளிடம்.
ஊசி ஏறும்போது எல்லோரும்
சுவரில் தொங்கும் நகைக்கடைக் கலண்டரைப் பார்க்கிறார்கள்.
நான் ஊசியைப் பார்க்கவேண்டும்.

ஹீலரும் அப்படித்தான்.
போன விளையாட்டில் எட்டு மாதம் இருந்திருக்கிறேன்,
டிராகன் என்ன நிறமென்று இன்றுவரை தெரியாது.
நான் பார்த்ததெல்லாம் நாலு பச்சைக் கோடுகள்.
குறையும், நிரப்புவேன், குறையும்.
ஒரு மழை இரவு கரண்ட் போனது.
நெருப்புப்பெட்டி தேடிய பதினொரு நிமிடத்துக்குள்
பாலத்தடியில் மூன்று பேரும் செத்துக் கிடந்தார்கள்.
"பரவாயில்லை" என்று எழுதினான் பெனடிக்ற், குருநகரிலிருந்து.
அவன் பக்கம் கரண்ட் போகவில்லை.
அந்தப் பரவாயில்லையை ஒரு கிழமை தூக்கித் திரிந்தேன்.

கள்ளியின் மேல் அம்புக்குறியைக் கொண்டுபோகிறேன்.
காலடி ஓசை இல்லை. பூட்டுத் திறப்பாள். உயிர் குறைவு.
செத்தால் தான் மட்டும் சாவாள்.
கடைசி வரி அங்கே எழுதியிருக்கவில்லை,
நான்தான் வாசித்தேன்.

அழுத்துகிறேன்.
உறுதியா? பிறகு மாற்ற முடியாது.
இதே வசனத்தை அதிபர் சொன்னபோது
அவர் மேசையில் பாதி குடித்த பிளேன்ரீ,
அதில் ஓர் எறும்பு மிதந்தது.
சொல்வதா விடுவதா என்றுதான்
அன்றைக்கு யோசித்துக்கொண்டிருந்தேன்.

உறுதி.

"உனக்கென்ன விசரே?" ஷர்மியா.
"அப்ப ஆர் மருந்து போடுறது?"
ஒருவரும் வாய் திறக்கவில்லை.
மெசின்கூட நின்றுவிட்டது.

முதல் காட்டிலேயே ஒரு பன்றி.
நிரூஜனுக்கு எந்த பட்டன் வாள் என்று தெரியவில்லை.
பெனடிக்ற்றின் அம்பெல்லாம் மரங்களுக்கு.
ஷர்மியா மூட்டிய நீல நெருப்பு முதலில் எங்களைத்தான் சுட்டது.
ஓடினோம், கத்தினோம், நிரூஜனுக்குச் சிரிப்பில் புரையேறியது,
ஒவ்வொருவராக விழுந்தோம்.
விழ முன்னம் நான் பன்றியின் பின்பக்கம் போய்
அதன் பைக்குள் கைவிட்டேன்.
ஒரு செம்புத் திறப்பு.
பன்றிக்கு எதற்குப் பை,
பைக்குள் எதற்குத் திறப்பு,
ஒருத்தருக்கும் தெரியாது.

பக்கத்து அறையிலிருந்து அப்பா:
"பிள்ளை, ஒன்லைன் கிளாஸ் முடிஞ்சுதோ?"

"இல்லையப்பா" என்றேன்,
புல்லுக்குள் செத்துக் கிடந்தபடி.
"இப்பதான் எடுத்தனான்."